பாமீர் சாலையில் சைக்கிள் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

தஜிகிஸ்தானின் துஷான்பேயிலிருந்து கிர்கிஸ்தானின் ஓஷ் வரை போகும் எம்41 சாலையைத்தான் பாமீர் நெடுஞ்சாலை என்கிறார்கள். கூடாரம், அடுப்பு, உணவு, துணிமணி என்று மூட்டை முடிச்சோடு அதில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றேதான். என் வண்டியிலும் வழியில் சந்தித்தவர்கள் வண்டியிலும் அதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில், எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று ஒரு வரிசை பிடிபட்டது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். ஆண்டீஸ், ஆல்ப்ஸ், காரகோரம் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படிக்கும் முறை எளிது. உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். காரணங்கள் காசில்லாமல் தீர்வதிலிருந்து பெரிய செலவு வைப்பது வரை வரிசையாக இருக்கும். முதலாவது இல்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்தது. ஆளில்லாத இடத்தில் பதற்றப்பட்டு நேராகப் பெரிய பாகத்தைக் கழற்றப் போய், நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் கிளம்பும் முன்பே மனதில் வையுங்கள். சைக்கிள் தெரிந்த மெக்கானிக் வேண்டுமென்றால் துஷான்பே அல்லது ஓஷ்தான். நடுவில் கோரோக், முர்காப் ஆகிய ஊர்களில் கார், லாரி பழுதுபார்ப்பவர்கள் இருப்பார்கள், வெல்டிங் நடக்கும். ஆனால் நவீன சைக்கிளின் உதிரிபாகம் கிடைக்கும் என்று நம்பக்கூடாது. கோரோக்கிலிருந்து முர்காப் 300 கிலோமீட்டர் சொச்சம், முர்காப்பிலிருந்து ஓஷ் 400 சொச்சம். அதனால் ஒவ்வொரு கோளாறிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அடுத்த ஊர் வரை இது தாங்குமா? தாங்காது என்றால், வண்டிகள் போய்வரும் இடத்தில் இருக்கும்போதே ஜீப்பை நிறுத்துங்கள்.

## டயரில் காற்று நிற்கவில்லை

### காலையில் பார்த்தால் தொளதொளவென்று இருக்கிறது, ஆனால் முழுசாக இறங்கவில்லை

பஞ்சர் என்று முடிவுகட்டாதீர்கள். நேற்று உயரமான கணவாயிலிருந்து இறங்கினீர்களா? 4,655 மீட்டர் உயரமுள்ள அக்-பைதால் கணவாயில் கை வைத்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று விட்ட டயர், ஓஷ் வந்து சேரும்போது கேஜில் 5 பி.எஸ்.ஐ அளவுக்குக் குறைவாகக் காட்டும். காற்று எங்கும் போகவில்லை, வெளிக்காற்றின் அழுத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இரவுக் குளிரும் அதே வேலையைச் செய்யும். கோடையிலும் அந்த உயரத்தில் விடியற்காலை உறைநிலைக்குக் கீழே போகும். நண்பகல் வெயிலில் அடித்த காற்று காலையில் குறைந்துதான் தெரியும். அடித்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். மறுபடி இறங்கினால்தான் ஓட்டை தேட வேண்டும்.

### இரண்டு மூன்று மணி நேரத்தில் மெல்ல இறங்குகிறது

1. வால்வு. ஒரு துளி எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வின் உள்பகுதியைக் கையால் அல்லது சின்னக் குறடால் இறுக்கினால் போதும். டியூபைக் கழற்றவே வேண்டாம்.

2. பழைய ஒட்டு ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கும். டியூபை நன்றாக உப்ப ஊதி, கன்னத்தருகே அல்லது உதட்டருகே மெதுவாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். காது பிடிக்காத கசிவை உதடு பிடித்துவிடும். காற்று பலமாக வீசினால் கூடாரத்துக்குள் உட்கார்ந்து செய்யுங்கள்.

3. ஊசிமுனை அளவு ஓட்டை. தண்ணீரில் முக்கித்தான் தெரியும். சமையல் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, டியூபைப் பகுதி பகுதியாக முக்கிப் பாருங்கள்.

### ஒட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பஞ்சர்

இதில்தான் பலர் நாள் கணக்கில் தவிக்கிறார்கள். ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

டியூபின் வெளிப்பக்கம், அதாவது ரோட்டைப் பார்த்த பக்கம் ஓட்டை என்றால் டயருக்குள் ஏதோ தங்கியிருக்கிறது. வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய எஃகு இழைதான் இந்தச் சாலையில் பெரிய எதிரி. அலிசூர் என்ற ஊரைத் தாண்டி ஒருவர் வண்டியில் மூன்று தடவை ஒட்டியும் நிற்கவில்லை. டயரின் உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தால் எதுவும் தட்டுப்படவில்லை. கொஞ்சம் பஞ்சை உள்ளே தேய்த்துக்கொண்டு போனபோது ஓரிடத்தில் நார் சிக்கியது. டயரை அந்த இடத்தில் வெளிப்பக்கமாக மடக்கிப் பார்த்தால், முடி மாதிரி ஒரு கம்பி, ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நகவெட்டியால் பிடித்து இழுத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. இதற்காகத்தான் டயர் மாட்டும்போது அதன் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக வரும்படி வைக்கச் சொல்கிறோம். டியூபில் ஓட்டை கிடைத்ததும், டயரில் எந்த இடத்தில் தேட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

உள்பக்கம் ஓட்டை என்றால் ரிம்மின் (சக்கர வளையம்) துளைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்து, ஸ்போக்ஸ் துளையின் விளிம்பு டியூபை அறுக்கிறது. டேப்பை இழுத்துச் சரியாக உட்கார வையுங்கள். கிழிந்திருந்தால் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றலாம்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று போதாமல் கல்லில் மோதி நசுங்கியது. பின் சக்கரத்தில் காற்றைக் கூட்டுங்கள், அல்லது அங்கிருக்கும் சுமையைக் கொஞ்சம் முன்னால் மாற்றுங்கள்.

வால்வின் அடியில் கிழிந்தால் ஒட்டு நிற்காது. அந்த டியூபைத் துண்டுபோட்டு வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் அடிக்கும்போது வால்வை ஒரு கையால் தாங்கிப் பிடிக்காததுதான் பெரும்பாலும் காரணம்.

### ஒட்டு ஒட்டவே மாட்டேன் என்கிறது

உப்புத்தாளால் தேய்த்தது போதவில்லை, அல்லது சொல்யூஷன் காயும் முன் ஒட்டிவிட்டீர்கள். குளிரில் காய்வதற்குக் கூடுதல் நேரம் வேண்டும். விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். சொல்யூஷன் டியூபைக் காலையிலிருந்தே சட்டைக்குள் வைத்திருந்தால் இளகி இருக்கும். டியூபின் நீள்வாட்டத்தில் ஓடும் மேட்டுக்கோட்டின் மேல் ஓட்டை இருந்தால், அந்த மேட்டைத் தேய்த்துத் தட்டையாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். ஒரு தடவை திறந்த சொல்யூஷன் சீக்கிரம் வறண்டுபோகும், எனவே ஒரு பெரியதைவிட மூன்று சின்ன டியூப் நல்லது.

### டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்துவிட்டது

உள்ளே ஒரு தடுப்பு வையுங்கள். பழைய டயர்த்துண்டு, பற்பசை டியூப் தகடு, பலமாக மடித்த தார்ப்பாய்த் துண்டு எதுவானாலும் சரி. காற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த டயரை முன் சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள், அங்கே எடை குறைவு. இறக்கத்தில் வேகம் மட்டும் வேண்டாம், முன் டயர் வெடித்தால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கடினம். கிழிசல் விரல் அகலத்தைத் தாண்டினாலோ, ஓட்டும்போது முண்டு தள்ளினாலோ அந்த டயரின் ஆயுள் முடிந்தது. மடக்கி எடுத்துப்போகக்கூடிய டயர் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். கோரோக் தாண்டிய பிறகு உங்கள் அளவு டயர் கடையில் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

## ஏற்றத்தில் "டிங்" என்று சத்தம், பிறகு சக்கரம் ஆடுகிறது

ஸ்போக்ஸ் கம்பி உடைந்திருக்கிறது. பெரும்பாலும் பின் சக்கரம், வலப்பக்கம், ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடம்) ஒட்டிய வளைவில். செயின் இருக்கும் பக்கம் என்பதால் அங்கேதான் இழுவிசை அதிகம்.

சத்தம் கேட்டும் சக்கரம் ஆடாவிட்டால், கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே விறைப்பில் இருக்க வேண்டும். விரலால் சுண்டினால் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. அதை மட்டும் கால் சுற்று இறுக்கி மறுபடி சுண்டிப் பாருங்கள்.

உடைந்திருந்தால் முதலில் முனை டயரையும் செயினையும் குத்தாதபடி, அதைக் கழற்றுங்கள், அல்லது பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள். கையில் மாற்றுக் கம்பி இல்லையா? உடைந்த கம்பிக்கு இரண்டு பக்கத்திலும் இருக்கும் எதிர்ப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். ரிம் நடுவுக்குத் திரும்பி வரும். டயர் பக்கத்திலிருந்து நிப்பிளை (கம்பியை ரிம்மோடு இறுக்கும் சின்ன மரை) பார்க்கும்போது வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும், இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும். மலையில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது இதை மாற்றிச் செய்துவிடுவது ரொம்பச் சுலபம், அதனால் ஒவ்வொரு திருப்பலுக்கும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். ரிம் பிரேக் (ரிம்மைக் கட்டையால் பிடிக்கும் வகை) என்றால் பிரேக் கட்டைகளைச் சற்றுத் திறந்து விடலாம். மற்றபடி கோட்டம் முழுசாகப் போக வேண்டிய அவசியமில்லை. ஃப்ரேமிலும் பிரேக்கிலும் உரசாமல் ஓடினால் போதும்.

மாற்றுக் கம்பி இருந்தால்கூட வலப்பக்கத்தில் போட கேசட்டை, அதாவது பின் பற்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டும். அதற்கான சின்னக் கருவியை மறக்காமல் எடுத்துப்போங்கள். கேசட்டைக் கழற்றாமலே போடக்கூடிய நூல் ஸ்போக்ஸ் விற்கிறார்கள், எடையே இல்லை, அதில் ஒன்று இருந்தால் நிம்மதி. பின் சக்கரத்தின் இடப்பக்கக் கம்பியும் வலப்பக்கக் கம்பியும் பெரும்பாலும் வெவ்வேறு நீளம். இரண்டிலும் மும்மூன்று ஃப்ரேமில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

இப்போது பெரிய செலவு. ஒன்று மாற்றிய சில நாளில் இரண்டாவது, மூன்றாவது உடைந்தால் கம்பிகள் மொத்தமும் களைத்துவிட்டன. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போவதில் பயனில்லை, துஷான்பேயிலோ ஓஷிலோ சக்கரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதுவரை பின்பக்கச் சுமையைக் குறைத்து, குடிநீரை முன்னால் மாற்றுங்கள். நிப்பிள் உட்காரும் துளையைச் சுற்றி ரிம்மில் நட்சத்திரம் போல விரிசல் தெரிந்தால் இறுக்கவே கூடாது, இறுக்க இறுக்கப் பிளக்கும். ஜீப்.

ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் ரிம்மின் பக்கவாட்டில் ஒரு நேர்கோல் வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் சுவர் மெலிந்துவிட்டது. இறக்கத்தில் அது வெடித்துத் திறக்கும்.

## இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

முதலில் நில்லுங்கள். முடியாவிட்டால் ஓட்டியபடியே பிரேக்கை மூன்று நான்கு முறை விட்டு விட்டுப் பிடியுங்கள். நின்ற பிறகு கீழே இருப்பதைப் பாருங்கள்.

### லீவர் ஹேண்டில் வரை வந்து இடிக்கிறது, கேபிள் பிரேக்

கேபிள் இழுபட்டிருக்கும், அல்லது பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். லீவர் பக்கத்தில் இருக்கும் திருகைச் சில சுற்று வெளியே திருப்பினால் கேபிள் இறுகும். அதிலும் முடியாவிட்டால் கட்டையை மாற்றுங்கள். அடுத்து, லீவருக்குள்ளே கேபிளின் குண்டு முனையருகில் இழைகள் அறுந்திருக்கின்றனவா பாருங்கள். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கேபிள் கைக்குள் அடங்கும் பொருள், கிராம் கணக்கில்தான் எடை.

### லீவர் பஞ்சு மாதிரி இருக்கிறது, ஹைட்ராலிக் பிரேக்

சூடு தணியும்வரை காத்திருங்கள். ஆறிய பிறகு லீவர் கெட்டியானால் உள்ளே இருந்த திரவம் கொதித்திருக்கிறது. இனி இடைவெளி விட்டு நின்று நின்று இறங்குங்கள். ஆறிய பிறகும் மென்மையாகவே இருந்தால் உள்ளே காற்று, அல்லது கசிவு. குழாய் இணைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அதை நம்பி ஒரு கணவாய்கூட இறங்கக் கூடாது. திரவம் ஊற்றும் வேலைக்கு முன் லீவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் கார் பிரேக்குக்கான டாட் திரவத்தை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் எல்லாம் உப்பிப் போகும். கார் மெக்கானிக் நல்லெண்ணத்தில் கொண்டுவந்து நீட்டுவது டாட் திரவமாகத்தான் இருக்கும். இந்த வழிக்கு நான் பரிந்துரைப்பது கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்தான். பிடிப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் ரோட்டோரத்தில் உட்கார்ந்து நீங்களே சரிசெய்யலாம்.

### கத்துகிறது, நாற்றம் வருகிறது, பிடிப்பு குறைகிறது

டிஸ்க் என்றால் பேட் சூட்டில் பளபளவென்று ஆகியிருக்கும். கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்குங்கள். செயினுக்கு விட்ட எண்ணெய் தட்டில் தெறித்திருந்தால் அதைச் சுத்தமான துணியால் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். பேட் எண்ணெய் குடித்துவிட்டால் மீளாது, மாற்றுங்கள். ரிம் பிரேக் என்றால் கட்டையில் பதிந்திருக்கும் கல், அலுமினியத் துகள்களைக் கத்தி முனையால் நோண்டி எடுங்கள்.

சூடான டிஸ்க்கைத் தொடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். வளைந்துவிடும்.

இந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் தப்பு வண்டியில் இல்லை, இறங்கும் முறையில் இருக்கிறது. ஆளும் சுமையுமாக 120 கிலோ ஆயிரம் மீட்டர் இறங்கும்போது, காற்று எடுத்துக்கொள்வது போக மீதிச் சூடு முழுவதையும் பிரேக்தான் வாங்க வேண்டும். லேசாகப் பிடித்தபடியே மணிக்கணக்கில் இறங்குவதுதான் மிக மோசம். வேகம் ஏற விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் பலமாகப் பிடித்துக் குறைத்து, பிறகு முழுசாக விடுங்கள். நேராக நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்றே கொஞ்சம் பிரேக் போடும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயிலிருந்து பிராட்டோ பக்கம் 48 கொண்டை ஊசி வளைவுகளில் 1,800 மீட்டருக்கு மேல் இறங்குபவர்கள், பொலிவியாவில் லா கும்ப்ரேயின் 4,650 மீட்டர் உயரத்திலிருந்து யுங்காஸ் பள்ளத்தாக்குக்கு ஒரே மூச்சில் இறங்குபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். ரிம் பிரேக் வண்டியில் ரிம் சூடேறி டியூபே வெடிப்பதுண்டு. ஆகவே ரிம்மை அவ்வப்போது நின்று தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியவில்லை என்றால் உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுங்கள்.

பாமீரில் ஒரு ஆறுதல்: பல இடங்களில் மண்சாலை என்பதால் வேகமே எடுக்க முடியாது. ஆபத்து நல்ல தார் ரோடு திரும்ப வரும் இடத்தில்தான், குறிப்பாகக் கிர்கிஸ்தான் பக்கம் தால்திக் கணவாயிலிருந்து ஓஷை நோக்கி இறங்கும்போது.

## வேகத்தில் ஹேண்டில் தானாக ஆடுகிறது

இறுக்கிப் பிடிக்காதீர்கள், ஆட்டம் கூடும். முழங்கால்களால் ஃப்ரேமின் மேல்குழாயை அணைத்துப் பிடித்து, பின் பிரேக்கை மெதுவாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள்.

நின்ற பிறகு, முதலில் பைகள். கொக்கி கழன்றிருக்கிறதா, ஒரு பக்கம் பாரம் அதிகமா, கேரியரின் மேலே உயரமாகக் கட்டிய மூட்டை ஆடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் இங்கேயே கிடைத்துவிடும். கனமானதைக் கீழே வையுங்கள். அடுத்து கேரியர் போல்ட்கள். அதன்பின் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் தண்டின் அடியில் "டக் டக்" என்று கைக்குத் தட்டினால் அங்கிருக்கும் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலின் பக்கத்துப் போல்ட்களைத் தளர்த்தி, மேல் போல்ட்டைத் தட்டல் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, பக்கத்துப் போல்ட்களை மறுபடி இறுக்குங்கள். சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடினால் ஹப். எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் நிற்காவிட்டால் ஃப்ரேமின் இணைப்புகளைத் துடைத்துவிட்டு விரிசல் தேடுங்கள். பெயின்டில் முடி போன்ற கோடு தெரிந்து, அதில் துரு ஓடியிருந்தால் அது வெறும் பெயின்ட் கீறல் அல்ல, விரிசல்.

## செயின் தாவுகிறது, கியர் விழவில்லை

சுத்தம் செய்யாமல் எதையும் திருப்பாதீர்கள். பாமீர் மண் மாவாக இருக்கும், எண்ணெயோடு சேர்ந்து குழம்பாகிப் பல் இடுக்குகளை அடைத்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, செயினைத் துணியால் துடைத்து, ஒரு கண்ணிக்கு ஒரு துளி எண்ணெய். மேலே மிச்சம் இருப்பதைத் துடைத்துவிடுங்கள். இந்தத் தலைப்பில் வருகிற பாதிப் பேருக்கு இத்தோடு முடிந்துவிடும்.

தாவுதல் ஒரே சீரான இடைவெளியில் வந்தால் ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் நிற்கிறது. செயினைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள், டீரெய்லரை (செயினைப் பல் மாற்றித் தரும் பின்பக்கப் பாகம்) கடக்கும்போது ஒரு கண்ணி துள்ளும். இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் இளகும்.

பெரிய பல்லுக்கு ஏற மறுத்தால் கேபிள் இழுபட்டிருக்கும். டீரெய்லர் பக்கத் திருகைக் கால் கால் சுற்றாக வெளியே திருப்புங்கள். வண்டி எங்காவது வலப்பக்கமாக விழுந்ததா? அப்படியென்றால் டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும். பின்னால் நின்று பாருங்கள், டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் கேசட்டுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் பெரிய பல்லுக்குப் போகவே போகாதீர்கள். டீரெய்லர் ஸ்போக்ஸில் மாட்டி, இரண்டும் ஒரே நொடியில் போய்விடும். ஹேங்கர் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனி வடிவம், வேறு வண்டியுடையது பொருந்தாது. உங்கள் வண்டிக்கானதை ஒன்று வாங்கி வைத்திருங்கள்.

ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் தாவினால் தேய்மானம். செயினை அளந்து பாருங்கள். ஒரு ஊசியிலிருந்து அதற்கு அடுத்த 24-ஆவது ஊசி வரை நீளம் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும். மூன்று மில்லிமீட்டர் நீண்டிருந்தால் கேசட்டும் போய்விட்டது, புதுச் செயின் மட்டும் போட்டால் இன்னும் மோசமாகத் தாவும். அப்போதைக்கு, குறைவாகப் பயன்படுத்திய பல்லில் ஓட்டி ஊர் போய்ச் சேருங்கள்.

செயின் அறுந்தால் விரைவு இணைப்புக் கண்ணி ஒன்று போதும். டீரெய்லர் முறிந்தால் செயினைச் சுருக்கி, நடுப்பல் ஒன்றில் நேராக மாட்டி ஒற்றைக் கியராக ஓட்டலாம். ஏற்றத்தில் தள்ளித்தான் போக வேண்டும், ஆனாலும் ஊர் வந்துவிடும்.

இன்னொரு அறிகுறி, குளிரில் மட்டும் வருவது: மிதித்தால் பெடல் சும்மா சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. கேசட் உட்காரும் ஃப்ரீஹப்புக்குள் இருக்கும் கொக்கிகள் இறுகிய கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெயில் ஏறியதும் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் கேசட்டின் பெரிய பல்லை ஸ்போக்ஸோடு ஜிப் டையால் பல இடங்களில் இறுக்கிக் கட்டுங்கள். அதன்பின் பெடலை நிறுத்தவே முடியாது, இறக்கத்தில் இறங்கி நடக்க வேண்டும்.

## ஒவ்வொரு மிதிக்கும் "கட்... கட்..."

எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட், சீட் தண்டு. நிற்காவிட்டால் பெடல் திருகு, பிறகு கிராங்க் போல்ட், பிறகு முன் பற்சக்கரத்தின் போல்ட்கள் என்று வரிசையாக இறுக்கிப் பாருங்கள். இடப் பெடலின் மரை தலைகீழ், இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். கிராங்க் ஆடுவது தெரிந்தால் அதே இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள், ஆடியபடி ஓட்டினால் அதன் துளை சிதைந்து பிறகு எதற்கும் உதவாது. இத்தனைக்கும் பிறகு சத்தம் இருந்தால் பாட்டம் பிராக்கெட் பேரிங், அதாவது கிராங்க் அச்சு சுற்றும் இடம். சத்தம் மட்டும் என்றால் ஓஷ் வரை பொறுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் ஆட்டமும் இருந்தால் பொறுக்கக் கூடாது.

## கேரியர் கழன்றது, முறிந்தது

வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த மண்சாலையின் அதிர்வுக்கு எந்த போல்ட்டும் தப்பாது. கேரியர் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலிருந்து ஃப்ரேம் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் சுற்றியிருக்கிறது. மாலையில் கூடாரம் போடும் முன் ஒரு பார்வை பார்த்தால் போதும், ஸ்பானரே எடுக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து கேரியர் முறிவுகளில் பெரும்பாலானவை ஒரு போல்ட் கழன்றதில்தான் தொடங்குகின்றன. ஒன்று போனதும் மற்றவை அந்தப் பாரத்தையும் தாங்கி, ஒவ்வொன்றாக ஒடிகின்றன.

போல்ட் தொலைந்தால் தண்ணீர் பாட்டில் தாங்கியின் போல்ட்டைக் கழற்றிப் போடுங்கள், பெரும்பாலும் அதே 5 மில்லிமீட்டர்தான். ஒடிந்த போல்ட்டின் மிச்சம் துளைக்குள் மாட்டிக்கொண்டால் ஹோஸ் கிளாம்ப்பால் கேரியர் காலை ஃப்ரேமோடு கட்டுங்கள், அடியில் பழைய டியூப் துண்டு வைத்து. கேரியர் கம்பியே முறிந்தால் கூடார ஆணி ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டு கிளாம்ப் போட்டு முட்டுக்கொடுங்கள்.

எஃகுக் கேரியர் என்றால் கோரோக்கிலோ முர்காப்பிலோ லாரி வேலை செய்பவரே வெல்டிங் வைத்துவிடுவார். அலுமினியம் என்றால் அந்த வசதி இல்லாமல் போகலாம். எஃகுக் கேரியர், எஃகு ஃப்ரேம் என்று நீண்ட பயணக்காரர்கள் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

## கை மரத்துப்போகிறது, முழங்கால் வலிக்கிறது

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் அடியில் நரம்பு அழுந்துகிறது. கையின் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், ஹேண்டிலை உயர்த்துங்கள், சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் சமப்படுத்துங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர்தான் மாற்ற வேண்டும். கியரைக் குறைத்து வேகமாக மிதியுங்கள். வீங்கினாலோ, ஓய்விலும் வலித்தாலோ, விரலில் பலம் குறைந்தாலோ ஓட்டுவதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

## தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல்

வண்டியின் எந்தக் கோளாறையும்விட இதற்கு அவசரம் அதிகம்.

தலைவலி மட்டும் என்றால் தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, ஓய்வெடுங்கள். வெயிலாலும் நீர் வற்றியதாலும் வந்ததென்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குறையும். குறையாமல், கூடவே குமட்டல், அசதி, தூக்கமின்மை சேர்ந்தால் அது உயர நோய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே ஏறக் கூடாது. அங்கேயே தங்குங்கள். தணிந்தால் தொடரலாம், கூடினால் இறங்க வேண்டும்.

கீழே சொல்வது வந்தால் காத்திருக்கவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ சளி வருவது: நுரையீரலில் நீர் கோக்கிறது. பேச்சு குழறுவது, குடித்தவர்போல் தள்ளாடுவது, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் போவது: மூளையில் வீக்கம். நள்ளிரவானாலும் ஜீப் பிடித்துக் கீழே கொண்டுபோங்கள். குறைந்தது 500 முதல் 1,000 மீட்டராவது இறங்க வேண்டும். நோயாளியைத் தனியாக விடாதீர்கள், சைக்கிளில் இறங்கவும் விடாதீர்கள்.

பாமீரில் இறங்குவது லேசில்லை என்பதுதான் சிக்கல். கராகுல் ஏரிக்கரை 3,900 மீட்டருக்கு மேல். அதிலிருந்து தெற்கே போனால் 4,655 மீட்டர் அக்-பைதால், வடக்கே போனால் 4,280 மீட்டர் அளவிலான கிசில்-அர்ட் கணவாய். எந்தப் பக்கம் கீழே இறங்க வேண்டுமானாலும் முதலில் ஏற வேண்டும். முர்காப்பே 3,600 மீட்டரில் இருக்கிறது. ஆகவே கராகுலுக்குள் நுழையும் முன்பே உடம்பு சரியாக இருக்க வேண்டும். தலைவலியோடு அங்கே போய்ப் படுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஓஷிலிருந்து கிளம்புபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஆயிரம் மீட்டரிலிருந்து சில நாளில் 4,000 மீட்டருக்கு வந்துவிடுவார்கள். வழியில் சுமார் 3,170 மீட்டரில் இருக்கும் சாரி-தாஷ் கிராமத்தில் கூடுதலாக ஒரு இரவாவது தங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தடுப்பு மருந்தாக அசெட்டசோலமைடு 125 மில்லிகிராம் காலை மாலை எடுப்பது வழக்கம். கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், முக்கியமாக சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள்.

ஜீப்பில் ஏற்றும் முன் ஒரு தாளில் நாலு வரி எழுதி நோயாளியின் சட்டைப்பையில் வையுங்கள்: அறிகுறி தொடங்கிய நேரம், கடைசியாகத் தூங்கிய ஊர், கொடுத்த மருந்து, அளவு. கோரோக்கிலோ ஓஷிலோ மருத்துவமனையில் கேட்கும்போது அவரால் சரியாகச் சொல்ல முடியாமல் போகலாம். சைக்கிளைத் தங்கிய வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நீங்களும் கூடவே ஏறுங்கள்.